6 மாவுக்கு 180 கிலோ விதையாம்! டூல் டிஸ்கிரிப்ஷன் எப்படி எழுதுறது?

குடமுருட்டிக்கரை:
பாபநாசம் பக்கம் விதை, உரக்கடை வச்சிருக்கோம். சித்தப்பா கடையப் பாத்துக்குறாரு, நான் ராத்திரில உக்காந்து வாட்ஸப்புக்கு ஒரு ஏஐ ஏஜென்ட் பண்ணிட்டிருக்கேன். நேத்து ஒருத்தர் "6 மாவுக்கு ஏடிடி 43 நெல் விதை எவ்வளவு வேணும்"னு கேட்டாரு, அது கூசாம 180 கிலோன்னு சொல்லிட்டு. விதைக் கணக்குக்குன்னு ஏஜென்ட் கூப்பிடுற ஒரு டூல் (சின்ன புரோகிராம்) எழுதியிருக்கேன். ஏக்கருக்கு 30 கிலோன்னுதான் அதோட கோட்ல இருக்கு, 6 மான்னா ரெண்டு ஏக்கர், அப்ப 60 தானே வரணும்? நாலு தடவ பாத்துட்டேன், கோட்ல தப்பு இல்ல. டிஸ்கிரிப்ஷன்ல, அதான் டூல் என்ன செய்யும்னு மாடலுக்குச் சொல்ற குறிப்புல, "விதை அளவைக் கணக்கிடும்"னு போட்டிருக்கேன், பாராமீட்டர் (டூலுக்குக் குடுக்கற விவரம்) பேரு "அளவு", டைப் நம்பர். பெரிய ஏஐ மாடலுக்கு மாத்திடலாமா?

வெண்ணாறு:
மாடல் மேல பழி போடாதீங்க தம்பி. உங்க கோடு அதுக்குத் தெரியாது, டூல் பேரு, டிஸ்கிரிப்ஷன், பாராமீட்டர் ஸ்கீமா (என்னென்ன விவரம், என்ன டைப்புங்கற பட்டியல்) இவ்வளவுதான் கண்ணுல படும். "அளவு"ன்னு ஒரு நம்பர் கேட்டீங்க, அவரு 6ன்னாரு, அது 6ஐப் போட்டுட்டு. நூறு குழி ஒரு மா, இருபது மா ஒரு வேலி, மூணு மா சேந்தா கிட்டத்தட்ட ஒரு ஏக்கர்னு நமக்குத் தெரியும். கோயம்புத்தூர்லேர்ந்து புதுசா வேலைக்கு வந்த பையன்கிட்ட வெறும் "6"ன்னு சீட்டு எழுதிக் குடுத்தா அவனும் 6 ஏக்கருக்குத்தான் மூட்டை கட்டுவான்.

"அளவு"ங்கறத ரெண்டாப் பிரிங்க, "பரப்பு", "பரப்பு_அலகு". அலகுக்கு enum (இதுல ஒண்ணுதான்னு கட்டிப்போடுற பட்டியல்) வச்சு குழி, மா, ஏக்கர், வேலி நாலுல ஒண்ணுதான்னு கட்டிடுங்க. மாத்துற கணக்க மாடல்கிட்ட விடாதீங்க, கோடு பாத்துக்கட்டும். டிஸ்கிரிப்ஷன் இப்படி இருக்கலாம்: "நெல் ரகமும் நிலப்பரப்பும் குடுத்தா நாத்தங்காலுக்கு வேண்டிய விதைய கிலோவுல சொல்லும். விவசாயி அலகு சொல்லலைன்னா ஊகிக்காம அவர்கிட்டயே கேக்கணும். ஸ்டாக், விலை இதுல வராது." அந்தக் கடைசி வரிய யாரும் எழுதறதில்ல, ஆனா ரொம்ப அவசியம்.

தலடிக்காரன்:
அண்ணன் சொன்ன கடைசி வரிக்கு என் கதை. "விலை_எடு", "ரேட்_பார்"னு ரெண்டு டூல் வச்சிருந்தேன், ஒண்ணு அரசு கொள்முதல் விலை, இன்னொண்ணு வியாபாரி விலை. ரெண்டு டிஸ்கிரிப்ஷனும் "நெல் விலையைத் தரும்". அது வாய்க்கு வந்தத எடுத்து விட்டுட்டிருந்துச்சு. அதுபோக கொள்முதல் நிலையத்துல 40 கிலோ சிப்பம், எங்கூரு வியாபாரிக்கு 60 கிலோ மூட்டை, ரெண்டையும் நான் "மூட்டை"ன்னே எழுதி வச்சு ஒரு பெரியவர்கிட்ட நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டேன். இப்ப பேரே "கொள்முதல்_விலை_குவிண்டாலுக்கு"ன்னு நீளமா இருக்கு, பாக்க அசிங்கம்தான், ஆனா குழப்பமில்ல.

ஆத்தங்கரை:
எல்லாம் சரி, ஆனா அளவா எழுதுங்கப்பா. ஒவ்வொரு டூலுக்கும் ஒரு பக்கம் எழுதுனேன், யாராச்சும் "வணக்கம்"னு அனுப்புனாக்கூட அத்தன டிஸ்கிரிப்ஷனும் டோக்கனா (மாடல் படிக்கிற சொல்துண்டா) உள்ள போவுது. அலகு, எப்பக் கூப்பிடணும், எப்பக் கூடாது, ஒரு எடுத்துக்காட்டு, போதும். எம்சிபி சர்வர்ல (ஏஐக்கு டூல்கள இணைக்கற பொது முறை) போட்டாலும் இதே கதைதான்.

அப்பறம் எரர் மெசேஜ். சி.ஆர். 1009 நெல் ரகத்த ஒருத்தர் சாவித்திரின்னு கேப்பாரு, இன்னொருத்தர் வெறும் "ஆயிரத்தொம்போது"ம்பாரு. டூல் "எரர் 400"ன்னா மாடல் முழிக்கும், இல்ல தானா ஏதாச்சும் அடிச்சு விடும். "இந்தப் பேர்ல ரகம் இல்ல, இருக்கறது இதெல்லாம்"னு பட்டியல் குடுத்தா அதுவே சரி பண்ணி மறுபடி கூப்பிடும்.

குடமுருட்டிக்கரை:
அலகு பிரிச்சாச்சு, 6 மாவுக்கு 60 வருது. "அரை வேலி"ன்னு அடிச்சுப் பாத்தேன், 100 கிலோ, கரெக்ட். சாயங்காலம் ஒருத்தர் "போன குறுவைக்கு வாங்குனேனே, அதே அளவு குடுங்க"ன்னு கேட்டாரு, அதுக்கு டூலே இல்ல. ஏஜென்ட் "கடைக்குப் போன் பண்ணிக் கேளுங்க"ன்னு சொல்லிட்டு. சித்தப்பா நோட்டப் பாக்காமலே சொல்லிட்டாரு.