போர்ட்டிகோ குவார்டெட் முதல் ஆல்பம்: இரண்டு பதிப்பும் வைத்திருப்பவர்கள் உதவுங்கள்

லண்டன் ஜாஸ் குழு போர்ட்டிகோ குவார்டெட்டின் ‘நீ-டீப் இன் த நார்த் சீ’: 2007 சிடி, ரியல் வேர்ல்ட் இசை நிறுவனத்தின் 2010 மறுவெளியீடு இரண்டும் யாரிடமாவது உண்டா? மறுவெளியீட்டில் ஒலிக்கலவையே (மிக்ஸ்) வேறு. எதில் ஹாங்கின் ஒலி தணிந்து, டபுள் பாஸ் (பெரிய தந்தி வாத்தியம்) தெளிவாகக் கேட்கிறது?

ஹாங் கையால் தட்டும் எஃகுக் கருவி. ஒவ்வொரு தட்டலும் நீண்டு ஒலிப்பதால், அதைச் சற்றே தூக்கினாலும் பாஸின் முனைகள் மழுங்கிவிடும். (மெர்குரி இசை விருதுப் பட்டியலுக்கு 2008இல் போனது பழைய கலவை.)

இரண்டையும் ஃபிளாக்கில் (தரம் குறையாத ஒலிக்கோப்பு வடிவம்) எடுத்து, ஃபூபார் பிளேயரில் ரீப்ளேகெயின் வசதியைப் போட்டு ஒலியளவைச் சமன்செய்த பிறகே ஒப்பிடுங்கள். 1 டெசிபல் கூடினாலே காது அதைத் தெளிவு என்று நம்பிவிடும். எம்பி3 வேண்டாம். கோப்பு அனுப்ப வேண்டியதில்லை; எந்தப் பாட்டு, எந்த நிமிடம் என்று எழுதினால் போதும்.