புதுப்பிப்பு: 2.15 மீட்டர் இறக்கை நீளமுள்ள சூப்பர் கப் மாடலுக்கு 15 சிசி நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின்

நிஜ விமானத்தின் ஐந்தில் ஒரு பங்கு அளவில் கட்டும் பைப்பர் சூப்பர் கப் ரேடியோ கட்டுப்பாட்டு மாடல் விமானத்துக்கு 10 சிசி இரண்டு ஸ்ட்ரோக், 15 சிசி நான்கு ஸ்ட்ரோக், 20 சிசி பெட்ரோல் எஞ்சின் மூன்றில் எது சரி என்று கேட்டிருந்தேன். பொறுமையாகப் பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி.

"கப் மெதுவாகப் பறக்கிற விமானம், பெரிய புரொப்பெல்லரை நிதானமாகச் சுற்றுகிற எஞ்சின் போடுங்கள்" என்று ஒருவர் சொன்னதைக் கேட்டு 15 சிசி நான்கு ஸ்ட்ரோக், 14x6 புரொப்பெல்லர் (14 அங்குல விட்டம், ஒரு சுற்றுக்கு 6 அங்குலம் முன்னேறும் சாய்வு) போட்டேன். தரையில் முழு த்ராட்டிலில் 9,000 ஆர்பிஎம்முக்குக் கொஞ்சம் மேலே. 4.6 கிலோ விமானம் பாதி த்ராட்டிலிலேயே மிதக்கிறது. அந்தச் சத்தம்! தாழ்வாகக் கடந்து போகும்போது நிஜ கப் மாதிரியே இருக்கிறது.

எதிர்பார்க்காத விஷயம் சூடு. இரண்டாவது பறப்பில், ஆறாவது நிமிடத்தில் எஞ்சின் நின்றுவிட்டது. நல்லவேளை, பத்திரமாக இறக்கிவிட்டேன். எரிபொருள் அளவைக் கட்டுப்படுத்தும் ஊசி வால்வுதான் காரணம் என்று நினைத்து எரிபொருளைக் கூட்டிப் பார்த்தேன், பயனில்லை. எஞ்சினை மூடும் கவுலிங்கைக் கழற்றியபோதுதான் புரிந்தது: முன்னால் நுழைந்த காற்று சிலிண்டரைத் தொடாமல் ஓரமாகவே போயிருக்கிறது, வெளியேற வழியும் குறுகல். மெல்லிய பால்சா மரத் தடுப்பு வைத்துக் காற்றைச் சிலிண்டரின் சூட்டை வெளியேற்றும் துடுப்புகளுக்குத் திருப்பினேன். அடியில் வெளியேறும் துளையை நுழையும் துளையைப் போல இரண்டு மடங்காக வெட்டினேன். அப்புறம் எட்டுப் பறப்பு, ஒருமுறைகூட நிற்கவில்லை.

எடை கூடுமே என்ற பயமும் வீண். கப்புக்கு மூக்கு குட்டை என்பதால், 10 சிசி எஞ்சினோடு பார்த்தபோது சமநிலைக்காக முன்னால் ஈயம் வைக்க வேண்டியிருந்தது. இப்போது ஈயமே இல்லை.