பாதயாத்திரையில் எட்டுக்கால் பூச்சிக்கடி: உங்கள் அனுபவம் என்ன?

காரைக்குடிக்காரன்:
தைப்பூசத்துக்குப் பழநி நடை நெருங்குகிறது. போன முறை சிங்கம்புணரி தாண்டி ஒரு தோப்பில் படுத்து எழுந்தபோது, எங்கள் குழுவில் ஒரு தம்பிக்கு முழங்கைக்கு மேலே சிவந்து தடித்திருந்தது. விரிப்பில் ஓர் எட்டுக்கால் பூச்சி ஓடியதால் பழி அதன்மேல் விழுந்தது. சுண்ணாம்பு தடவலாம் என்றார் ஒருவர். பிளேடால் கீறி ரத்தத்தை எடுக்கலாம் என்றார் இன்னொருவர். கூட வந்த நர்ஸ் அக்கா இருவரையும் அதட்டிவிட்டு, சோப்புப் போட்டுக் கழுவி, ஈரத்துணி வைத்து, அரிப்புக்கு ஒரு செட்ரிசின் கொடுத்தார். திண்டுக்கல் போவதற்குள் வற்றிவிட்டது. உங்களுக்கு நேர்ந்ததையும் எழுதுங்கள், புதிதாக நடப்பவர்களுக்கு உதவும்.

தேவகோட்டை ஆச்சி:
தம்பி, வெள்ளை வில்லையாக முட்டைப்பையை வயிற்றடியில் தூக்கிக்கொண்டு சுவரில் திரியுமே, அந்தப் பெரிய பூச்சி கரப்பானைத் தின்னும், பிடித்து நசுக்கினால் ஒழிய நம்மைக் கடிக்காது. விறகையும் பூட்டிக் கிடந்த அறைச் சாமான்களையும் வெறுங்கையால் அள்ளும்போதுதான் கவனம் வேண்டும். அங்கேயும் பூரானுக்கும் தேளுக்கும்தான் நான் பயப்படுவேன். தேள் கொட்டி, வியர்த்து, வாந்தி எடுத்து, கைகால் சில்லிட்டால் யோசிக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

ஒரு பக்கமாகக் கொத்துக் கொத்தாகக் கொப்புளம் வந்தால் பூச்சி மூத்திரம் பெய்துவிட்டது என்பார்கள். அது அக்கியாக இருக்கலாம். காவியால் எழுதிக்கொள்வது உங்கள் விருப்பம். ஆனால் அதற்கான மாத்திரையை 3 நாளுக்குள் தொடங்கினால்தான் நன்றாகக் கேட்கும்.

கண்மாய்க்கரை:
எனக்கு நேர்ந்தது வேறு. வேட்டங்குடிக்குப் பறவை பார்க்கப் போவேன் (பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடி போடாத கொல்லுக்குடிப்பட்டி அங்கேதான்). மழை ஓய்ந்த பிறகு கரைப் புல்லில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு ஒருநாள் கடுங்காய்ச்சல், தாங்க முடியாத தலைவலி. இடுப்பில் பெல்ட் படும் இடத்தில் சிகரெட்டால் சுட்டது போல ஒரு கறுப்புப் பொருக்கு. வலி இல்லை, அரிப்பு இல்லை. சிலந்திக்கடி என்று சொல்லி மருந்துக்கடையில் ஆயின்மென்ட் கொடுத்தார்கள். காய்ச்சல் இறங்கவே இல்லை. டாக்டர் அந்தப் பொருக்கைப் பார்த்ததுமே உண்ணிக் காய்ச்சலாக இருக்கும் என்று சொல்லி, ரத்தப் பரிசோதனைக்கு எழுதிவிட்டு டாக்சிசைக்ளினைத் தொடங்கினார். சீக்கிரமே தணிந்துவிட்டது.

புதரிலும் புல்லிலும் இருக்கும், கண்ணுக்குச் சரியாகத் தெரியாத ஒருவகை உண்ணியின் குஞ்சு கடித்து வருவது இது. கடித்து 6 முதல் 21 நாளுக்குள் காய்ச்சல் தொடங்கும். விட்டுவிட்டால் நுரையீரல், சிறுநீரகம், மூளை வரை போகும். நம் பக்கம் மழைக்குப் பிந்தைய குளிர் மாதங்களில்தான் அதிகம், தைப்பூச நடையும் அப்போதுதானே!

காரைக்குடிக்காரன்:
அண்ணே, அப்படியென்றால் அந்த மாத்திரையை மருந்துப் பையில் போட்டுக்கொள்ளலாமா?

கண்மாய்க்கரை:
வேண்டாம் தம்பி, டாக்டர் பார்த்துத்தான் தர வேண்டும். தார்ப்பாய் எடுத்துப் போங்கள், வெறும் புல்லில் படுக்காதீர்கள், துணியைப் புதர்மேல் காயப்போடாதீர்கள். பூச்சி விரட்டும் களிம்பு பூசிக்கொள்ளலாம். வீடு திரும்பிய பின் காய்ச்சல் வந்தால் அக்குள், தொடையிடுக்கு, இடுப்பு எல்லாம் தேடிப் பாருங்கள். பொருக்கு தென்படாவிட்டாலும், தோப்பில் படுத்ததை டாக்டரிடம் சொல்லுங்கள்.