மேலே வந்த பிறகான முப்பது வினாடிகள்

மூச்சை அடக்கி நீரில் மூழ்கும் ஃப்ரீடைவிங் பயிற்சியில் நான் சேர்ந்து ஆறு மாதங்கள் ஆகின்றன. புதிதாகத் தொடங்குபவர்களுக்குப் பயன்படும் என்ற எண்ணத்தில், மூன்றாம் வாரத்தில் நீச்சல் குளத்தில் நேர்ந்த ஒன்றை இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

அன்று நானும் என் பயிற்சித் துணைவரும், முகத்தை நீருக்குள் வைத்து அசையாமல் மிதக்கும் பயிற்சியை மாறி மாறிச் செய்துகொண்டிருந்தோம். ஒருவர் மூச்சடக்கும்போது மற்றவர் கைக்கெட்டும் தூரத்தில் நின்று கவனிக்க வேண்டும் என்பது முதல் நாளே சொல்லித்தரப்பட்ட விதி. வழக்கமாக இரண்டு நிமிடத்திலேயே திணறி எழுந்துவிடும் அவர், அன்று வயிற்றில் ஒரு துடிப்புகூட இல்லாமல் இரண்டரை நிமிடத்தைக் கடந்தார். பிறகு தலையை உயர்த்தி, முகம் மலர, நலம் என்று விரலால் சைகை காட்டினார். எல்லாம் முடிந்துவிட்டதென்று நான் கடிகாரத்தின் பக்கம் திரும்பினேன்.

திரும்பிப் பார்த்தபோது அவருடைய உதடுகள் நீலம் பாரித்திருந்தன. பார்வை நிலைகுத்தி, தாடை நடுங்கி, தலை நீருக்குள் சாய்ந்துகொண்டிருந்தது. பின்னால் நின்ற பயிற்சியாளர் பாய்ந்து வந்து, ஒரு கையால் தாடையையும் மறுகையால் பின்தலையையும் தாங்கி, மாஸ்க்கைக் கழற்றி, கண்களின் மீது ஊதி, கன்னத்தில் தட்டி, பெயர் சொல்லி அழைத்து, "மூச்சை இழுங்கள்" என்றார். சில வினாடிகளில் நீண்ட இழுப்போடு அவருக்கு நினைவு திரும்பியது. நினைவு தப்பியதே அவருக்குத் தெரியவில்லை. "நான்தான் கை காட்டினேனே?" என்று கேட்டார். அந்தக் கேள்வி இன்றுவரை என் காதில் இருக்கிறது.

நீரில் முகம் வைப்பதற்கு முன் இருபது முறை வேகமாக மூச்சிழுத்து விட்டதாக அவர் பிறகு சொன்னார். மூச்சு முட்டும் உணர்வைத் தருவது பெரும்பாலும் இரத்தத்தில் சேரும் கரியமில வாயுதான், ஆக்சிஜன் குறைவு அல்ல. இயல்பாக மூச்சு விடும்போதே நம் இரத்தம் ஏறக்குறைய முழு அளவு ஆக்சிஜனைச் சுமந்திருப்பதால், வேகமூச்சு அதைக் கூட்டுவது மிகச் சொற்பம். கரியமில வாயுவை மட்டும் வெளியேற்றிவிட்டு, எச்சரிக்கை மணியை ஊமையாக்கிவிடுகிறது. நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் இடையிலுள்ள மூச்சுத் தசையான உதரவிதானம் துடிப்பதை அதுவரை ஒரு தொல்லையாகவே நினைத்திருந்த நான், அது நம்மைக் காக்கும் குரல் என்று அன்றுதான் உணர்ந்தேன்.

மேலே வந்த பிறகு ஏன் மயக்கம் என்பதும் எனக்குப் புதிராகவே இருந்தது. புதிதாக இழுத்த ஆக்சிஜன் மூளையை எட்டச் சில வினாடிகள் ஆகும். அதனால் எழுந்ததும் காற்று முழுவதையும் வெளியே ஊதிவிடாமல், கொஞ்சம் மட்டும் விட்டு, சட்டென்று நிறைய இழுத்து, ஒரு கணம் நிறுத்தி, இதையே சில முறை திரும்பச் செய்ய வேண்டும். கடலில் இந்த ஆபத்து இன்னும் கூடுதல்: 10 மீட்டர் ஆழத்தில் இருமடங்காக இருக்கும் அழுத்தம் மேலே வர வர மீண்டும் பாதியாகக் குறைவதால், நுரையீரலில் எஞ்சிய ஆக்சிஜனின் அழுத்தமும் அதனுடன் சேர்ந்து சரிகிறது. ஆழத்தில் தெளிவாக இருந்தவர் கடைசி சில மீட்டரில் மயங்குவது இதனால்தான்.

மூச்சடக்கும் நேரத்தை மாற்றாமல் இடைவேளையை மட்டும் படிப்படியாகக் குறைத்துச் செய்யும் அட்டவணைப் பயிற்சியை நான் இப்போது வீட்டில் தரையில் படுத்தபடிதான் செய்கிறேன். தனியாக இருக்கும்போது நீரில் மூச்சடக்குவதே இல்லை. குளியல் தொட்டியும் அதில் அடக்கம். முகம் நீரில் இருக்கும்போது மூச்சுவிட உதவும் குழாயான ஸ்னார்க்கலை வாயிலிருந்து எடுத்துவிட்டுத்தான் மூழ்குகிறேன், காதில் வலி தொடங்கினால் அங்கேயே திரும்பிவிடுகிறேன்.

அதே துணைவருடன் அடுத்த முறை குளத்தில் இறங்கியபோது, அவர் ஒன்றே முக்கால் நிமிடத்தில் எழுந்தார். மூச்சுகளைச் சரியாக இழுத்து, மாஸ்க்கைக் கழற்றி, "நலம்" என்று வாய்விட்டுச் சொன்னார். உதடுகள் சிவப்பாகவே இருந்தன. ஆனாலும் அவர் முகத்திலிருந்து கண்ணை எடுக்காமல் மனத்துக்குள் முப்பது வரை எண்ணி முடித்த பிறகுதான், கடிகாரத்தை அவரிடம் கொடுத்துவிட்டு என் முறைக்கு ஆயத்தமானேன்.