தோட்டத்து மயானத்தில் கிடக்கும் நம் முதல் ஆட்கள்: உங்களுக்குக் காட்டித் தந்தது யார்?

மேல்கணக்குப் பேரன், கொட்டாஞ்சேனை

கொழும்பில் மலையகத்து வேர் உள்ளவர்கள் நாம் நிறையப் பேர் இருக்கிறோம். தீபாவளிக்கு ஊருக்குப் போகிறோம், கோயில் திருவிழாவுக்குப் போகிறோம். மயானத்துப் பக்கம் போவது யாராவது செத்தால் மட்டும்தான். காடு வெட்டித் தோட்டம் போட்ட முதல் தலைமுறை எங்கே கிடக்கிறது? அதை உங்களுக்குச் சொன்னது யார்? தெரிந்தவர்கள் இங்கே எழுதுங்கள். நானே தொடங்குகிறேன்.

எங்கள் தோட்டம் டிக்கோயாப் பக்கம். தோட்டத்தின் மேல் பிரிவை மேல்கணக்கு என்போம். அங்கே தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடுகளான லயங்களில் கடைசியைத் தாண்டி ஓடைக்கரையோடு ஏறினால் மானாப்புல் மண்டிய ஒரு சரிவு வரும். அதுதான் மயானம். மதில் கிடையாது, பலகை கிடையாது. புதிய குழிகள் கீழே, பழையவை மேலே. மேலே போகப் போக மண்மேடே இல்லை, சரிவு சமமாகிவிட்டது. சில இடங்களில் தலைமாட்டுக் கருங்கல் மட்டும் புல்லுக்குள் தட்டுப்படும்.

அப்பாவின் அம்மா, எங்கள் அப்பாயிக்கு நடக்க முடிந்த காலத்தில் ஒருநாள் என்னைக் கூட்டிப்போனார். ஒரு டர்பன்டைன் மரத்தையும் பெரிய பாறையையும் அடையாளம் வைத்துக்கொண்டு வரிசையாகச் சொன்னார்: "இது ஒங்க பூட்டன். பக்கத்துல அவரு தங்கச்சி, புள்ளத்தாச்சியா போச்சு. அந்தா அந்த வரிசை பூரா சின்னப் புள்ளைங்க, ஒரே மழைக்காலத்துல காய்ச்சல்ல போனதுங்க." எந்த இடத்திலும் தயங்கவில்லை. அவருக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது. எங்கள் தோட்டத்துப் பழைய ஆட்களின் பதிவேடு என்று ஒன்று இருந்ததென்றால் அது அவர்தான்.

இதை ஏன் இவ்வளவு பெரிதாக எடுக்கிறேன் என்று கேட்பீர்கள். 1820களில் கோப்பித் தோட்டம் தொடங்கியபோது தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள் மன்னார்க் கரையில் இறங்கி, மதவாச்சி, தம்புள்ளை வழியாகக் காட்டுக்குள் நடந்துதான் மாத்தளைக்கு வந்தார்கள். கொலராவிலும் காய்ச்சலிலும் பசியிலும் விழுந்தவர்கள் விழுந்த இடத்திலேயே கிடந்தார்கள். 2023இல், நம் சனம் வந்து 200 வருஷமானதை நினைத்து, 'மலையகம் 200' என்று தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்துபோனது அந்தப் பாதையில்தான். வழியில் போனவர்களுக்கு மயானமே இல்லை. ஆக, தோட்டத்து மயானம்தான் நம் சனத்துக்கு இந்த மண்ணில் கிடைத்த முதல் சொந்த இடம். குடியிருந்த லயம் தோட்டத்துக்குச் சொந்தம், துரை நினைத்தால் வெளியே போடலாம். குழிக்குள் போனவரை யாரும் எழுப்பிவிட முடியாது.

வெள்ளவத்தைப் பிள்ளை

நான் மலையகம் இல்லை அண்ணா, அம்மா அப்பா யாழ்ப்பாணம். ஆனால் எனக்கும் சொல்ல ஒன்று இருக்கு.

புகைப்படக்கலை படிக்கிற காலத்தில் ஜூலியா மார்கரெட் கேமரனின் கல்லறையைப் பார்க்கவென்று பொகவந்தலாவை சென்ட் மேரிஸ் தேவாலயத்துக்குப் போனேன். 1815இல் கல்கத்தாவில் பிறந்தவ, இங்கிலாந்தில் பெரிய பெரிய ஆட்களையெல்லாம் படமெடுத்துப் பெயர் வாங்கினவ. கணவருக்கு இங்கே கோப்பித் தோட்டங்கள் இருந்ததால் 1875இல் இலங்கைக்கு வந்து 1879இல் இங்கேயே செத்துப்போனா. கணவரும் அடுத்த வருஷமே போய், பக்கத்திலேயே கிடக்கிறார். அந்தத் தேவாலயத்துக் கல்லறைத் தோட்டம், நாங்கள் சொல்கிற சேமக்காலை, நல்ல துப்புரவாக இருந்தது. கல்லில் பெயரெல்லாம் வாசிக்கலாம்.

வாசலில் வழி காட்டின கொழுந்து பறிக்கிற அம்மா ஒருவ, நான் கல்லைப் படம் எடுத்து முடியும் வரைக்கும் பொறுமையாக நின்றா. பிறகு, "இந்த வெள்ளக்காரம்மாவ பாக்க நெறைய பேரு வாராங்க. எங்க ஆளுங்க அந்தப் பக்கம் மேட்டுல இருக்காங்க" என்று கையைக் காட்டினா. நானும் ஏறிப்போய்ப் பார்த்தேன். புல்லும் ரெண்டு மூன்று குரோட்டன் செடியும்தான்.

கேமரன் இங்கே எடுத்ததில் மிஞ்சின படங்கள் கொஞ்சம். அதிலே பெரும்பாலும் தோட்டத்துத் தமிழ்ச் சனம். முகங்கள் அவ்வளவு தெளிவு. கீழே 'இலங்கைப் பெண்', 'தோட்டத் தொழிலாளி' என்ற அளவில்தான் தலைப்பு. அந்த முகத்துக்காரரில் ஒருவர் அந்த மேட்டிலேயே கிடக்கலாம் என்று நினைத்தபோது எனக்கு அங்கே நிற்க முடியவில்லை. உண்மையாகத்தான் சொல்கிறேன், அன்றைக்குப் பிறகு நான் ஒரு ஆளையும் பெயர் கேட்காமல் படம் எடுத்ததில்லை.

மேல்கணக்குப் பேரன், கொட்டாஞ்சேனை

தங்கச்சி, நீங்கள் சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஜே. பென்ரி லூயிஸ் என்ற அரசாங்க அதிகாரி இலங்கையிலுள்ள கல்லறைக் கல்வெட்டுகளைத் தொகுத்து 1913இல் புத்தகமாகவே போட்டார். ஐரோப்பியர்களின் கல்லறைகள்தான் அதில் பெரும்பகுதி. கோப்பித் துரைமார் எந்த ஊரில் பிறந்து எதனால் செத்தார்கள் என்றெல்லாம் இருக்கும். கல் வைக்க வசதி இருந்தவனுக்குத்தான் புத்தகத்திலும் இடம்.

கண்டி மஹய்யாவை மயானத்தில் ஜேம்ஸ் டெய்லரின் கல்லறைக்குப் போயிருக்கிறேன். 1867இல் லூல்கந்துரையில் தேயிலை போட்ட ஆள். 1892 மே மாதம் வயிற்றுக்கடுப்பில் செத்தார். லூல்கந்துரையிலிருந்து கண்டி வரை 18 மைல். பன்னிரண்டு பன்னிரண்டு பேராக 24 பேர் மாறி மாறிச் சுமந்து வந்தார்கள். நம் சனம் பின்னால் நடந்து வந்தது. அவரை 'சாமி துரை' என்றுதான் சொல்வார்களாம். கல்லில் டெய்லரின் பெயர், வயது, தேயிலைக்கும் கொய்னா மருந்து எடுக்கும் சிங்கோனா மரத்துக்கும் அவர் முன்னோடி என்ற புகழ் எல்லாம் உண்டு. சுமந்த தோள்களில் ஒன்றின் பெயர்கூட இல்லை. டெய்லர் மீது எனக்குக் கோபம் இல்லை. ஆனால் முன்னோடி என்ற சொல்லை ஒருவருக்கு மட்டும் வெட்டி வைத்தது அநியாயம். காட்டை வெட்டியவர்களும் முன்னோடிகள்தான்.

ஐந்தாம் குறுக்குத் தெருக் கடைப்பொடியன்

வணக்கம். நான் புறக்கோட்டையில் மொத்தக் கடையில் வேலை. எங்களோடு நின்ற பொடியன் ஒருவன் நெஞ்சுவலியில் போய்விட்டான், சின்ன வயது. ஆஸ்பத்திரி வேலைகள் முடியவே ராத்திரியாகிவிட்டது. "மாதம்பிட்டியிலயே முடிச்சிடலாம், செலவு கொறையும்" என்று கொழும்பிலுள்ள அந்த மயானத்தைச் சிலர் சொன்னார்கள். போனில் அவன் அம்மா ஒரே பிடியாக நின்றார்: "எம் புள்ளய எங்க தோட்டத்துக்குக் கொண்டாந்துடுங்கய்யா."

கடைத் தெருவில் சல்லி சேர்த்து வேன் பிடித்தோம். அவிசாவளை, கித்துல்கலை, கினிகத்தேனை என்று விடியும்வரை ஓட்டம். ஹட்டன் தாண்டி தோட்டத்து ரோட்டில் வேன் ஏற மறுத்த இடத்தில் இருபது முப்பது பேர் நின்றார்கள், அத்தனை பேரும் காலையில் வேலைக்கு ஆள் கூடுகிற பெரட்டுக்குப் போகாமல் வந்தவர்கள். மரண உதவிச் சங்கம் பெட்டியிலிருந்து சாப்பாடு வரைக்கும் பார்த்துக்கொண்டது. தப்பு அடிக்க ஆள் வந்தது. குழி வெட்டினவர்கள் அவன் தாத்தாவுக்குப் பக்கத்திலேயே இடம் பார்த்து வெட்டியிருந்தார்கள். அந்த இடத்தைச் சொன்னவர் தோட்டத்தில் ஓய்வு பெற்ற ஒரு பெரியவர். பக்கத்தில் யாருடைய குழி, எவ்வளவு ஆழத்துக்குப் போகலாம், எந்தப் பக்கம் பாறை தட்டும், எல்லாம் அவருக்கு அத்துப்படி.

கொழும்பில் இத்தனை வருஷம் இருந்தும், செத்தால் எங்கே போவது என்று கேட்டால் எங்கள் கடைப் பொடியன்கள் எல்லோரும் தோட்டத்தின் பெயரைத்தான் சொல்வார்கள். நானும்தான்.

தெமட்டகொடை அக்கா

1964 ஒப்பந்தத்தில் பிரிந்துபோன குடும்பம் எங்களுடையது. இலங்கையும் இந்தியாவும் செய்த அந்த சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம், நம் சனத்தில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இங்கே என்று பங்கு பிரித்தது. பெரியப்பாவுக்கு இந்தியக் கடவுச்சீட்டு, எங்கள் அப்பாவுக்கு இந்தப் பக்கம். இந்தியாவுக்குக் கப்பல் ஏறத் தலைமன்னாருக்குப் போன அந்த ரயிலை ஒப்பாரிக் கோச்சி என்றே எங்கள் வீட்டில் சொல்வார்கள். பெரியப்பா நீலகிரியில் இறங்கி மறுபடியும் தேயிலைத் தோட்டத்திலேயே வேலை பார்த்தார்.

வயதான பிறகு ஒருமுறை வந்தார். கட்டுநாயக்காவிலிருந்து வீட்டுக்குக் கூட்டிவந்து சாப்பாடு போட்டால், "என்னைக்கு தோட்டத்துக்குப் போறது?" என்பதுதான் பேச்சு. கோயிலையோ லயத்தையோ அவர் தேடவில்லை. அவருடைய அம்மாவின் குழிக்கு ஒருமுறை பால் தெளிக்க வேண்டும். கப்பல் ஏறும் அவசரத்தில் கும்பிட்டுவிட்டு வர முடியாமல் போனதாம்.

போனால் அங்கே குழி இருந்த பகுதியில் தேயிலை நின்றது. நிர்வாகம் மாறியபோது மயானத்தின் ஓரத்தை நிரவிக் கன்று வைத்துவிட்டார்களாம். எங்கள் ஆட்களும் அப்போது வாய் திறக்கவில்லை, வேலை போய்விடும் என்ற பயம். பெரியப்பா அந்த நிரையில் மேலும் கீழும் நடந்து பார்த்தார். பிறகு ஒரு தேயிலைச் செடியின் தூரில் பாலை ஊற்றிவிட்டு வந்தார். திரும்பி வரும் வழியெல்லாம் ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்கு இன்னும் ஆறவில்லை. அதனால்தான் சொல்கிறேன்: இருக்கிற மயானங்களுக்கு எல்லை போட்டு, காணிப் படத்தில் ஏற்றச் சொல்லி எழுத்தில் கேட்க வேண்டும். வாய்ப்பேச்சு போதாது.

வத்தளை மாமா

மவுஸ்ஸாகலை நீர்த்தேக்கம் கட்டியபோது பழைய மஸ்கெலியா நகரமே தண்ணீருக்குள் போனது தெரியும்தானே. கடும் கோடையில் தண்ணீர் வற்றினால் பழைய கோயில் மேலே வரும், பார்க்கக் கூட்டம் போகும். நான் போன நேரம் ஒரு கிழவி அந்தச் சேற்றுக் கரையில் நின்று, அந்தக் காலத்தில் பிணம் கொண்டுபோன வழி எது என்று பேரப்பிள்ளைகளுக்குக் கை நீட்டிச் சொல்லிக்கொண்டிருந்தார். பிள்ளைகள் போனில் கோயிலைப் படமெடுப்பதில் இருந்தார்கள். நான்தான் பக்கத்தில் போய் நின்று கேட்டேன்.

மீரியபெத்தையையும் இந்தப் பேச்சில் விட முடியாது. 2014 அக்டோபர் 29 காலையில் கொஸ்லாந்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. பலரைத் தோண்டி எடுக்கவே முடியவில்லை. அங்கே மயானத்துக்கென்று தனி இடம் தேவைப்படவில்லை, குடியிருந்த இடமே அதுவாகிவிட்டது.

கடைப்பொடியன்

அண்ணா, பெயர்களை எழுதி வைக்க என்ன வழி? கல் வைக்கச் சொல்கிறீர்களா?

மேல்கணக்குப் பேரன், கொட்டாஞ்சேனை

கல் பிறகு பார்க்கலாம் தம்பி. பணக்காரன் வீட்டுக் குழிக்கு மட்டும் சீமெந்து பூசி, மற்றதெல்லாம் புல்லாகக் கிடப்பது இப்போதே நடக்கிறது. அது கூடுவதில் எனக்கு விருப்பம் இல்லை. முதலில் பெயர். ஒவ்வொரு கணக்கிலும் குழி வெட்டுகிறவர், தப்படிக்கிறவர், கருமாதி செய்து வைக்கிறவர் இருப்பார்கள். உறவுக்காரர்களைவிட அவர்களுக்குத்தான் இடம் தெரியும். அவர்களை மயானத்துக்கே கூட்டிப்போய், நடக்க நடக்கச் சொல்லவிட்டு போனில் பதிவு செய்யுங்கள். வீட்டில் உட்கார்ந்து கேட்டால் பாதிதான் வரும். என்ன முறை, எந்த வேலை, எதனால் போனார் என்று மூன்றையும் கேளுங்கள். பிறகு பிரதேச செயலகத்தில் மரணச் சான்றிதழின் பிரதி எடுத்து ஒத்துப் பார்க்கலாம். பெயரை எழுதுகிறவர் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார், அதனால் நாலைந்து விதமாக மாற்றி மாற்றித் தேடச் சொல்லிக் கேளுங்கள்.

எங்கள் மேல்கணக்கில் அப்பாயி சொன்னதில் எனக்கு நினைவுள்ளதை எழுதியிருக்கிறேன். மேல் வரிசையில் சில இடங்கள் வெறுமையாக இருக்கின்றன. அப்பாயியோடு ஒரே நிரையில் கொழுந்தெடுத்த மாமி ஒருவர் இப்போது மட்டக்குளியில் மகளோடு இருக்கிறார். ஞாயிறு பின்னேரம் அவரிடம் போகிறேன், மகளிடம் பேசியாயிற்று. டிக்கோயா ஆட்கள் யாராவது சேர்ந்து வருவதென்றால் கொட்டாஞ்சேனை சந்தியில் மூன்று மணிக்கு நிற்பேன்.