'விட்': நுண்ணகை என்று வைத்துக்கொள்ளலாமா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

'விட்' (wit) என்ற ஆங்கிலச் சொல்லுக்கும், அதாவது அறிவுக்கூர்மையால் சிரிக்க வைக்கும் பேச்சுக்கும், தமிழில் நகைச்சுவை என்றே எழுதினால் போதும் என்று முந்தைய மடலில் கருத்து வந்திருந்தது. எனக்கு உடன்பாடில்லை. 'ஹியூமர்' (humour) அந்தச் சொல்லை ஏற்கெனவே எடுத்துக்கொண்டுவிட்டது. இரண்டும் ஒரே வரியில் வந்தால் மொழிபெயர்ப்பவர் என்ன செய்வார்?

இரண்டுக்கும் பிறப்பே வேறு. ஹியூமர் லத்தீனில் ஈரத்தைக் குறித்தது. உடம்பின் நான்கு நீர்களே ஒருவர் குணத்தை முடிவு செய்கின்றன என்ற பழைய மருத்துவக் கொள்கை வழியாக மனநிலைக்கும், அப்புறம் வேடிக்கைக்கும் நகர்ந்தது. விட் பழைய ஆங்கிலத்தில் அறிவு. வடமொழியின் வித்தை, வேதம் எல்லாம் அதற்கு உறவு. ஆகவே நம் சொல்லிலும் அறிவு தெரிய வேண்டும்.

நம்மிடம் பொருள் எப்போதோ இருக்கிறது. புறநானூறு 95-ஐப் பாருங்கள். அதியமானுக்காகத் தூது போன ஔவைக்கு, அவன் பகைவன் தொண்டைமான் தன் படைக்கலக் கொட்டிலைக் காட்டுகிறான். இவை பீலி அணிந்து, மாலை சூடி, நெய் பூசிக் காவலோடு இருக்கின்றன என்கிறார் ஔவை. அதியமானுடையவையோ? பகைவரைக் குத்திக் குத்தி நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன. வசைச்சொல் ஒன்றுகூட இல்லை. புகழ்ச்சி போலவே ஒலிக்கிறது. கேட்டவனுக்கு ஒரு கணம் கழித்துத்தான் உறைத்திருக்கும். அந்த ஒரு கணத்துக்குத்தான் நாம் பெயர் தேடுகிறோம்.

சிலேடை அதில் ஓர் உத்தி மட்டும். சாதுரியத்திலும் சமயோசிதத்திலும் சிரிப்பு இல்லை. அங்கதம் தொல்காப்பியச் சொல்தான், ஆனால் அது வசையோடு கட்டுண்டது. விட்டுக்கு வசை கட்டாயமில்லை. மதிநகை என்றால் பலருக்கு நிலாதான் நினைவுக்கு வரும்.

நான் முன்வைப்பது நுண்ணகை. புன்மை + நகை புன்னகை ஆனது போல நுண்மை + நகை. நுண்மை என்றாலே நமக்கு அறிவுதான்: நுண்ணறிவு என்கிறோம், வள்ளுவர் 'நுண்மாண் நுழைபுலம்' என்றார். புன்னகைக்குப் பக்கத்தில் வைத்தால் புதுச்சொல் என்ற உறுத்தலும் இல்லை.

ஆளைக் குறிக்க நுண்ணகையாளர் சரியாக வரும். 'விட்டி' (witty) என்ற பெயரடைக்குத்தான் திருப்தியில்லை, 'நுண்ணகை மிளிரும்' என்று எழுதிப் பார்த்தேன், நீளமாக இருக்கிறது. இதைவிடக் குறுகிய வடிவம் யாருக்காவது தோன்றினால் எழுதுங்கள்.