நகர் பூங்கா இடத்தில் தோட்டம் போட நிதி உதவி எங்கே கிடைக்கும்?

வைகைக்கரைவாசி

மதுரை மாநகராட்சி எல்லைக்குள் இருக்கும் ஒரு நகர் எங்களுடையது. லேஅவுட்டில் பூங்காவுக்கென்று விட்ட இடம் ஒன்று சும்மா கிடக்கிறது, சுமார் 15 சென்ட், முழுக்க சீமைக்கருவேலம், ஓரத்தில் கட்டட இடிபாட்டைக் கொண்டுவந்து கொட்டுகிறார்கள். அதைச் சுத்தம் செய்து வேலி போட்டு, பாதியில் நாட்டு மரங்களும் மீதியில் கீரை, காய்கறி, மூலிகையும் வைக்கலாம் என்று சங்கத்தில் பேசி வைத்திருக்கிறோம். வேலி, போர்வெல், தண்ணீர்த் தொட்டி எல்லாம் சேர்த்தால் ஐந்து, ஆறு லட்சம் வரும் போலிருக்கிறது. வீட்டுக்கு வீடு வசூலித்தால் அதில் கால்வாசிகூடத் தேறாது. அரசு மானியமோ, கம்பெனிகள் சமூகப் பொறுப்புக்கென்று செலவிடும் சிஎஸ்ஆர் பணமோ இந்த மாதிரிச் சின்ன வேலைக்குக் கிடைக்குமா? யாராவது வாங்கியிருந்தால் வழி சொல்லுங்கள். சங்கம் இன்னும் பதிவு செய்யவில்லை.

மண்வெட்டி

சார், பணத்துக்கு முன்னால் இடம். பூங்கா இடம் என்று புரோக்கர் காட்டிய வரைபடத்தில் பச்சை அடித்திருந்தால் மட்டும் போதாது. அங்கீகரித்த லேஅவுட் வரைபடத்தை வாங்கிப் பாருங்கள், அந்த இடத்தை மாநகராட்சிக்குத் தானமாக எழுதிப் பதிவு செய்திருக்கிறார்களா என்று வில்லங்கம் போட்டுப் பாருங்கள். எங்கள் பக்கம் ஒரு நகரில் வேலி போட்டு மரமெல்லாம் ஆள் உயரம் வந்த பிறகு, மனை போட்டவர் இடம் இன்னும் தன் பெயரில்தான் இருக்கிறது என்று வந்து நின்றார். வழக்கு இன்னும் நடக்கிறது. அரசுப் பணமோ சிஎஸ்ஆரோ, தனியார் பெயரில் இருக்கும் இடத்துக்கு வராது.

இடம் மாநகராட்சிக்கு வந்திருந்தால் உங்களுக்குப் பொருத்தமானது நமக்கு நாமே திட்டம்தான். மதிப்பீட்டில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கு மக்கள் போட்டால் மீதியை அரசு போடும். பூங்கா, மரம் நடுதல் எல்லாம் இதில் வரும். ஆறு லட்சம் என்றால் நீங்கள் இரண்டு லட்சம் திரட்ட வேண்டும்.

பழைய ஓவர்சியர்

மண்வெட்டி சொன்னதோடு இன்னொன்று. நமக்கு நாமே 1997-98-லேயே வந்த திட்டம், 2011-க்குப் பிறகு தன்னிறைவுத் திட்டம் என்ற பெயரில் ஓடியது, 2021-ல் திரும்பப் பழைய பெயருக்கு வந்தது. பெயர் எதுவானாலும் உள்ளே ஒரு நல்ல விதி இருக்கிறது, பலர் கவனிப்பதில்லை: மதிப்பீட்டில் பாதியோ அதற்கு மேலோ மக்கள் பங்காக வந்துவிட்டால் வேலையை நீங்களே எடுத்துச் செய்யலாம். அதற்குக் கீழே என்றால் டெண்டர்தான், யாரோ ஒரு கான்ட்ராக்டர் வருவார், அவருக்கு மரமும் ஒன்று நடைபாதைக் கல்லும் ஒன்று. கல் பதிப்பதில்தான் காசு என்பதால் 15 சென்டில் மண்ணே தெரியாமல் செய்துவிட்டுப் போவார். முடிந்தால் பாதியைத் திரட்டப் பாருங்கள். திட்டமதிப்பீடு போடுவது மாநகராட்சிப் பொறியாளர்தான், அவர் போடும்போதே கூட இருங்கள். கருவேலத்தை வேரோடு எடுக்க ஜேசிபி கூலியை மறக்காமல் சேர்க்கச் சொல்லுங்கள், மேலே வெட்டிவிட்டால் அடுத்த மழைக்கே துளிர்த்துவிடும்.

கணக்குப்பிள்ளை

சிஎஸ்ஆர் பற்றிக் கேட்டிருந்தீர்கள். நேரடியாக உங்கள் சங்கத்துக்கு வராது. 2021 ஏப்ரலிலிருந்து, சிஎஸ்ஆர் பணம் வாங்கி வேலை செய்யும் அமைப்பு சிஎஸ்ஆர்-1 படிவம் போட்டுப் பதிவு செய்திருக்க வேண்டும். அதோடு வருமான வரிச் சலுகைக்கான 12ஏ, 80ஜி பதிவு இரண்டும் வேண்டும், அதே மாதிரி வேலையில் மூன்று வருட அனுபவமும் காட்ட வேண்டும். இன்றைக்கு ஏழு பேர் சேர்ந்து சங்கத்தைப் பதிவு செய்தாலும் அந்த மூன்று வருடத்துக்கு என்ன செய்வது? உலகச் சுற்றுச்சூழல் நிதியத்தின் சிறு மானியத் திட்டம் என்று ஒன்றை வாட்ஸப்பில் அனுப்புவார்கள். பணம் தருவார்கள், உண்மைதான், ஆனால் அது பல்லுயிர், பருவநிலை, நிலம் கெடுதல் என்று வேலை செய்யும் அமைப்புகளுக்கு. நகர் பூங்காவை வைத்துக்கொண்டு அதற்கு எழுதினால் நேரம்தான் வீண்.

ஆனால் ஒரு வழி இருக்கிறது. நமக்கு நாமேயில் மக்கள் பங்கைத் தனி ஆள்தான் தர வேண்டும் என்றில்லை, நிறுவனமும் தரலாம். பக்கத்தில் இருக்கும் ஆலையோ மருத்துவமனையோ அந்தப் பங்கில் ஒரு பகுதியை மாநகராட்சி பெயருக்கே கொடுத்தால் உங்கள் சங்கத்துக்குப் பதிவுத் தகராறே கிடையாது. அவர்களிடம் போகும்போது ‘பசுமை’, ‘விழிப்புணர்வு’ என்று பேசாமல் மதிப்பீட்டு நகலைக் கையில் கொண்டுபோங்கள்.

வைகைக்கரைவாசி

மூவருக்கும் நன்றி. வில்லங்கம் திங்கட்கிழமை போடுகிறேன். கன்று வாங்கவும் இதே பணத்தில்தான் ஒதுக்க வேண்டுமா?

கொல்லைப்புறம்

வேண்டாம் அண்ணா, கன்றுக்குக் காசு வைக்காதீர்கள். பசுமைத் தமிழ்நாடு இயக்கத்தில் வனத்துறை நாற்றங்காலில் இலவசமாகவே தருகிறார்கள், என்ன ஆவணம் வேண்டும் என்று முன்கூட்டியே கேட்டு வையுங்கள். புங்கன், பூவரசு, நாவல் மாதிரிக் கேளுங்கள். ஆடிக்குள் வேலி முடிந்தால் ஐப்பசி மழைக்கு நட்டுவிடலாம்; வேலி இல்லாமல் நடவே வேண்டாம், ஆடு விடாது. எருவுக்கு, மக்கும் குப்பையை உரமாக்கும் மாநகராட்சியின் நுண்ணுரக் கூடத்தில் கேட்டுப் பாருங்கள். காசு ஒதுக்க வேண்டியது தண்ணீர் ஊற்றும் ஆளுக்கு. எந்தத் திட்டமும் வேலிக்கும் போருக்கும் தருமே ஒழிய மாசாமாசம் கூலிக்குத் தராது, முதல் இரண்டு கோடையைத் தாண்டும் வரை அது உங்கள் சந்தாவில்தான் ஓட வேண்டும். கீரை, காய்கறியை மட்டும் மனுவில் எழுதாதீர்கள், பொது இடத்தில் யார் பறிப்பது என்று அங்கேயே ஒரு கேள்வி கிளம்பும். மூலிகைத் தோட்டம் என்று போடுங்கள், தூதுவளையும் முருங்கையும் அதிலேயே வந்துவிடும்.